குரலைத் தாழ்த்தாத அக்கா

அவர் முதன்முதலாக அந்த அறைக்குள் நுழைந்தபோது, உள்ளே இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களில் யாரோ ஒருவனுடைய வீட்டம்மா சண்டைக்கு வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

எங்கள் மேல் தப்பில்லை. தாராவியில் எங்கள் கூட்டத்துக்கு அதுவரை வந்த பெண்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த முடியாமல் திணறுகிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. கிறிஸ்தவக் கோயில் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில், பாலர் வகுப்பு நடக்கும் அறையை வாரத்தில் பல நாள் மாலையில் எங்களுக்கு விட்டிருந்தார்கள். நாலு வயசுப் பிள்ளைகளுக்கான குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருப்போம். சுவரில் ஆப்பிளும் ஆட்டுக்குட்டியும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

கூட்டத்தை நடத்தியவர் டெம்போ ஓட்டும் அண்ணாச்சி. நாசரேத் பக்கத்துக்காரர். அவர் எழுந்து கும்பிட்டார்.

"யாரத் தேடி வந்திருக்கியம்மா? வீட்டம்மாமாருக்குத் தனியாக் கூட்டம் உண்டு. வியாழக்கிழமை வாங்க."

"என் ஆத்துக்காரர் குடிக்கறதில்லை" என்றார் அவர். "காப்பியே ஒரு வேளைதான். நான்தான் குடிக்கறேன். எனக்கு இங்க இடம் உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ."

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? கத்தவில்லை. கோபமும் இல்லை. பெரிய ஆபீசில் கடைசி மேஜைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பேசி உரமேறிய குரல். வெளியே குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் சட்டென்று நின்றது. நான் ஓடிப்போய் ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

 அண்ணாச்சி பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்கக்கா" என்றார். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே சொல்லப்படும் பெயர் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது கூட்டத்தின் வழக்கம். அவரைக் கேட்டால், "தாராளமா எழுதுடா, விலாசத்தையும் போடு" என்பார். அதனால்தான் கேட்கவில்லை. அவர் இப்போது பம்பாயில் இல்லை. மாட்டுங்காவில் அவர்கள் இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது, கணவரும் மனைவியுமாகப் பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

எங்கள் கூட்டத்தை அவர் கண்டுபிடித்த கதையும் அந்தக் குரலோடு சேர்ந்ததுதான். முதலில் செம்பூரில் ஓர் ஆங்கிலக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். குளிர்சாதன அறை, பிஸ்கட், பளபளக்கும் நாற்காலிகள். அங்கே அவருடைய பழைய ஆபீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அதுகூடப் பரவாயில்லை" என்று எங்களிடம் சொன்னார். "அங்க எல்லாரும் ரொம்ப மெதுவாப் பேசறா. ஒண்ணுமே காதுல விழலை. பக்கத்திலே யாரோ செத்துக் கிடக்கற மாதிரி பேசினா எப்படிக் குணமாகும்?"

மாட்டுங்காவில் இருந்து யாரும் எட்டிப் பார்க்காத இடமாக வேண்டும் என்று விசாரித்து, தாராவியைப் பிடித்திருக்கிறார். நடந்தே வந்துவிடலாம். ஆனால் அவருடைய அக்கம்பக்கத்தாருக்கு தாராவி துபாயைவிடத் தூரம்.

நான் அப்போது கூட்டத்துக்குப் புதுசு. தோல் பை தைக்கும் பட்டறையில் வெட்டுகிற வேலை எனக்கு. கூட்டத்தில் கிடைத்த வேலை ஜன்னல் சாத்துவது. வெளியே எல்லாம் தெரிந்த முகங்கள். அதனால் ஒருவர் பேச எழுந்தால் முதலில் ஜன்னலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகுதான் வாயைத் திறப்பார். அக்டோபர் புழுக்கத்தில் அத்தனை பேரும் வெந்துகொண்டிருப்போம். மின்விசிறியிலிருந்து சத்தம் மட்டும்தான் வரும்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, அக்கா பேச எழுந்தார். நான் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனேன்.

"எதுக்குடா சாத்தறே?"

"வெளிய கேக்கும்க்கா. கொஞ்சம் பையப் பேசினா நல்லது."

"நீ குடிச்சுட்டுத் தெருவிலே கிடந்தியே, அப்போ ஜன்னலைச் சாத்திண்டா கிடந்தே? ஊரே பார்த்தது. நிறுத்தினதை மட்டும் என்னத்துக்கு ஒளிச்சு வைக்கணும்? திற."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். இங்கே பேசுவது இங்கேயே இருக்க வேண்டும் என்பது முறை என்றார். அதற்கு அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. "அவாவா கதையை அவாவா இஷ்டம்போல சொல்லிக்கட்டும். என் கதைக்கு ஜன்னல் திறந்திருக்கணும்."

அதன்பிறகு என் பாடுதான் திண்டாட்டம். அக்கா பேச எழுந்தால் நாலு ஜன்னலையும் திறப்பேன். அவர் உட்கார்ந்ததும் நாலையும் சாத்துவேன்.

அவர் பேச்சு அழுகாச்சியாக இருக்காது. அரிசி டப்பாவில் பாட்டிலைப் புதைத்து வைத்தது, ஒருமுறை அது கசிந்து அன்றைக்குச் சாதம் முழுக்கப் பிராந்தி வாசனை அடித்தது, கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தின்று முடித்தது என்று சொல்லிக்கொண்டே போவார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கணவர் தின்று முடித்த இடம் வந்தபோது மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது.

"காலி பாட்டிலை என்ன பண்றது? எங்காத்துக் குப்பைல போட முடியுமா? பால் கவர்ல சுத்தி, மேல நாலு முருங்கைக்காயை வச்சு, தாதர் மார்க்கெட் வரைக்கும் கொண்டு போய்ப் போடுவேன். தாதர்ல எங்கெங்கே குப்பைத்தொட்டி இருக்குன்னு என்னைக் கேளுங்கோ."

"அட போங்கக்கா" என்றார் அண்ணாச்சி. "ஊர்ப்பட்ட காலி பாட்டிலும் கடைசில இங்கதான வருது! நேரா எங்க சந்துக்கே கொண்டாந்திருக்கலாம்லா."

அறையே இடிந்து விழும்படி சிரித்தோம். ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பாட்டில் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிற ஒருவர், சுவரில் சாய்ந்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா பேச்சை நிறுத்தாமலே அந்தப் பக்கம் திரும்பி, "வெளியில நிக்கறவர் உள்ள வந்து உக்காரலாம், கால் வலிக்கும்" என்றார். அந்த மனிதர் ஓடியே போய்விட்டார். அடுத்த வாரமும் வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்படி ஜன்னலோரம் நின்று கேட்டு, பிறகு உள்ளே வந்தவர்கள் பலர். துண்டுக் காகிதத்தில் கூட்டத்தின் நேரத்தை அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தோம். அதைப் பார்த்து வந்தவர் ஒருவரும் இல்லை.

அந்தி சாயும் நேரத்தில் குடிகாரன் வாய் உப்பும் காரமும் கேட்கும். பழகிப்போன நாக்கு. அது தெரிந்த அக்கா, நேந்திரங்காய் வறுவலும் காராபூந்தியும் டப்பா டப்பாவாகக் கொண்டுவருவார். குடிக்கும்போது கொறிப்பதற்கு இந்த ஊரில் சக்னா என்று பெயர். "சக்னா வந்தாச்சு, எடுத்துக்கோங்கோ! கிளாஸ் மட்டும் கிடையாது!" என்று அவர் அறிவிக்கும்போது, பக்கத்தில் ஜெபத்துக்கு வந்திருக்கும் சபைக்காரர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்டவரை ஒருநாள் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், பூக்கடைகள் வரிசையில் பார்த்தேன். கூட ஒரு மாமி இருந்தார். நான் சிரித்தபடி கையைத் தூக்கினேன். அக்காவின் கண் என் மேல் பட்டது, நழுவியது, கதம்பத்துக்குப் போய்விட்டது. வாயே திறக்கவில்லை. பூக்காரரிடம் விலை கேட்டதுகூட அந்த மாமிதான்.

வெளியில் பார்த்தால் கண்டுகொள்ளக் கூடாது என்பது எங்கள் முறைதான். இருந்தாலும் எனக்கு வலித்தது. அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்தார். நான் ஜன்னலைத் திறக்கப் போனேன். "இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

"நேத்திக்கு இவனைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போயிட்டேன்."

"அது நம்ம முறைதான அக்கா" என்றேன்.

"முறை இல்லைடா, பயம். இங்க இத்தனை பேசறேனே, எங்க பில்டிங்ல நான் ஊமை. படியேறும்போதே தொண்டை அடைச்சுக்கும். என் ஆத்துக்காரரும் நானும்கூட அந்த விஷயத்தைப் பேசினதே இல்லை. ஒரு தடவைகூட. அங்க வாயை மூடிண்டு உக்காந்திருக்கறச்சேதான் எனக்குத் தாகம் எடுக்கறது. அந்த ஆத்துக்குள்ள இதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லலேன்னா, திரும்பக் குடிச்சுடுவேன். எனக்கு நன்னாத் தெரியும்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இத்தனை தைரியக்காரிக்கே இந்தக் கதியா என்று எனக்குத் திக்கென்றது. அவர் விழுந்தால் எங்களில் எத்தனை பேர் கூடவே விழுவோம் என்றும் நினைத்தேன்.

அடுத்து வந்த நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைக்கப் போவதாகச் சொன்னார். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் கொலு என்றால் ஒன்பது நாளும் மாலையில் கதவைத் திறந்து வைக்க வேண்டும். அவர் குடித்த காலமெல்லாம் மாலைதான் குடிக்கும் நேரம். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டுக் கதவு யாருக்கும் திறந்ததில்லை. பொம்மைகள் வருஷக்கணக்காகப் பரணில் கிடந்தன. இப்போது அவற்றை இறக்கித் துடைக்கிறேன் என்று அவர் சொன்னதே எங்களுக்குப் பெரிய வெற்றி.

"கூட்டத்துக்கு வருவேன். வந்தவாளுக்குச் சுண்டலைக் கொடுத்துட்டு ஓடி வந்துடுவேன்" என்றார்.

முதல் நாள் வந்தார். இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாள் எங்களுக்குக் கூட்டம் இல்லை. நாலாம் நாள் வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

வருகிறேன் என்று சொன்னவர் வராவிட்டால், இரண்டு பேர் அப்போதே வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போன இருவரும் திரும்பும்வரை மற்றவர்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இது அண்ணாச்சி ஏற்படுத்திய வழக்கம். எத்தனை நேரம் ஆனாலும் சரி. அன்றைக்கு அண்ணாச்சியும் நானும் கிளம்பினோம். 

கட்டட வாசலில் காவலாளி மறித்தார். யார் என்று சொல்வது? கூட்டத்தைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது. காவலாளி என் சட்டையிலிருந்த பசைக் கறையையும் அண்ணாச்சியின் தோள் துண்டையும் பார்த்துவிட்டு, "கேட்டரிங்?" என்றார். அண்ணாச்சி, "ஹாங், கேட்டரிங்" என்று தலையாட்டினார். காவலாளி பின்பக்கப் படியைக் காட்டினார்.

மூன்றாம் மாடியில் வாசல் முழுக்கப் பெண்களின் செருப்பு. கதவு பாதி திறந்திருந்தது. ஒல்லியாக, வேட்டி கட்டிய ஒருவர் வந்தார். கணவர் என்று பார்த்ததும் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும், மனப்பாடம் செய்தவர் மாதிரி சொன்னார்.

"அவளுக்குத் தலைவலி. படுத்துண்டிருக்கா. நாளைக்கு வாங்கோ."

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா போதையில் கிடந்த காலத்தில், மாலையில் வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இவர் சொன்ன வாக்கியம் இதுதான் என்று அக்காவே எங்களிடம் சொல்லியிருக்கிறார். 'பாவம், அவருக்குத் தெரிஞ்ச பொய் அது ஒண்ணுதான்' என்பார். 

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய, வற்றிய குரல். அது அக்காவுடையது என்று புரிய எனக்கு நேரமானது.

பட்டுப்புடவையில் வாசலுக்கு வந்தார். நாங்கள் இருவரும் முதலில் அவர் கண்ணைத்தான் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த பரிசோதனை அது. கண் தெளிவாக இருந்தது. உதடு மட்டும் காய்ந்திருந்தது.

"வந்துண்டே இருக்கா" என்று கிசுகிசுத்தார். "கிளம்பறேன்னா எங்கேன்னு கேப்பா. செருப்பைப் போடறேன், கழட்டறேன். பொம்மைப் பெட்டிக்குப் பின்னாடி, பரண்ல, பழைய பாட்டில் ஒண்ணு இருக்கு. நானே மறந்துபோனது. இன்னும் திறக்கலை."

அந்த 'இன்னும்' எங்களுக்குப் புரிந்தது.

கூடத்திலிருந்து ஒரு மாமி எட்டிப் பார்த்தார். "கேட்டரிங்காராளா? சுண்டல் போறாதுன்னு வரச் சொல்லியிருந்தேளா?"

"ஆமாம், ஆமாம்" என்றார் கணவர்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார். "அங்க எல்லாரும் கிளம்பிப் போயாச்சா?"

"எப்படிப் போவாவ?" என்றார் அண்ணாச்சி. "நாங்க திரும்புத வரைக்கும் உக்காந்துதான இருப்பாவ."

அத்தனை பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தக் குட்டிப் பெஞ்சுகளில் காத்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"இவா கேட்டரிங் இல்லை" என்றார். எங்கள் அக்காவின் குரல். கொலுப்படியில் வெண்கல மணி இருந்திருந்தால் தானே அடித்திருக்கும். "இவா என் மனுஷா. எனக்கு எத்தனையோ வருஷமா தலைவலின்னு நினைச்சிண்டிருக்கேளே, அது தலைவலி இல்லை. நான் குடிச்சிண்டிருந்தேன். இதே ஆத்துல, இதே நேரத்துல. தாராவில ஒரு கூட்டம் இருக்கு. இவாளோட உக்காந்து பேசிப் பேசித்தான் நிறுத்தினேன். இன்னிக்குப் போகலை. அதனால தேடிண்டு வந்திருக்கா."

 பூக்கடையில் அவரோடு நான் பார்த்த மாமி எழுந்தார். வெற்றிலை பாக்குக்கூட வாங்கிக்கொள்ளாமல் எங்களைத் தாண்டி வெளியே போனார். கொலுவுக்கு வந்தவர் தாம்பூலம் வாங்காமல் போவது எத்தனை பெரிய அவமானம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் நிமிர்ந்தே நின்றார்.

"ஏன்னா, பரண்ல பொம்மைப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு பாட்டில் இருக்கு. எடுத்து சிங்க்ல கொட்டிடுங்கோ."

கணவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் கொட்டும் சத்தம் கேட்டது. மல்லிகைக்கும் கற்பூரத்துக்கும் நடுவில் பிராந்தி வாசனை கூடத்துக்கு வந்தது. நானும் அண்ணாச்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார். "கொலுவுக்கு வந்தவா பாடாமப் போகப்படாது. பாடு."

"நானா? எனக்குக் கோயில் பாட்டுதான் தெரியும்க்கா. எங்க கோயில்ல பாடுதது."

"அதைப் பாடு."

பாடினேன்.  கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் அம்மா பாடும் பழைய கீர்த்தனை. இரண்டாவது அடியில் மூலையில் உட்கார்ந்திருந்த வயதான மாமி ஒருவர் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். முடித்ததும், "மோகன ராகம்னா இது" என்றார், ஆச்சரியமாக. எனக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் மற்றவர்கள் உடம்பு இளகி உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்து எங்களுக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா கைப்பையை எடுத்தார். "எல்லாரும் உக்காருங்கோ, கொலு எங்கயும் ஓடிப்போகாது. எனக்குக் கூட்டம் இருக்கு." செருப்பைப் போட்டார்.

மூன்று பேரும் முன்பக்கப் படியிலேயே இறங்கினோம். இரண்டாம் மாடியில், பட்டும் பூவுமாக ஏறி வந்த இரண்டு பெண்கள் எங்களைக் கடந்து மேலே போனார்கள். படிக்கட்டில் வெளிச்சம் மங்கல்; பேச்சு சுவாரசியத்தில் அக்காவைக் கவனிக்கவில்லை. மேலே அழைப்பு மணி கேட்டது. கதவு திறந்தது.

"மாமி இல்லையா மாமா?"

அக்கா படியில் அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம். 

"இல்லை" என்றது கணவரின் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ கூட்டத்துக்குப் போயிருக்கா. குடிச்சு நிறுத்தினவா கூட்டம். தாராவில. நீங்க உள்ள வாங்கோ."

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. துடைக்கவே இல்லை.

"கேட்டேளா?" என்றார் எங்களைப் பார்த்து.

"கேட்டோம்க்கா" என்றேன். எனக்கும் அழுகை முட்டியது.

அவர் தலையை அண்ணாந்து, கட்டடமே அதிரக் குரல் கொடுத்தார்.

"ஏன்னா! இன்னொரு தடவை உரக்கச் சொல்லுங்கோ! கீழாத்துக்காராளுக்குக் கேட்கலை!"

மேலேயிருந்து அவர் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.